ஐந்து ஒயின், ஒரு வாழையிலைச் சாப்பாடு

முதல் சுற்றில் நான்கு பேரில் மூன்று பேர் கடைசி இடத்தில் வைத்த பாட்டில்தான், இலை எடுக்கும் நேரத்தில் சொட்டு மிச்சமில்லாமல் காலியாகிக் கிடந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெங்களூரு அல்சூரில் நண்பன் ஒருவனின் அக்கா வீடு. ஏப்ரல் மாத ஞாயிறு மதியம். நண்பர்கள் மூன்று பேர், அக்கா, நான். எந்த ஒயின் நல்லது என்று வெறும் கிளாஸை வைத்துக்கொண்டு நிறையப் பேசியாயிற்று, நம்ம சாப்பாட்டுக்கு எது தாக்குப்பிடிக்கிறது என்று ஒரு நாள் பார்த்துவிடலாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். "வாங்கடா, நான் சமைக்கிறேன்" என்று அக்கா சொன்னதும் நாள் குறித்துவிட்டோம்.

ஐந்தும் இந்திய ஒயின். நாசிக்கிலிருந்து மூன்று: குமிழ் விடும் புரூட், அப்புறம் இரண்டு வெள்ளை ஒயின், சோவின்யோன் பிளாங்க், செனின் பிளாங்க். சோலாப்பூர் பக்கம் அக்லூஜிலிருந்து சாஞ்சியோவேசே என்ற திராட்சையில் செய்த ஒரு சிவப்பு ஒயின். நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் நந்தி மலை அடிவாரத்திலிருந்து இன்னொரு சிவப்பு, கேபர்னே, ஷிராஸ் என்ற இரண்டு திராட்சைகளின் கலவை. ஆறாவதாக ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் ஒன்றும் வாங்கியிருந்தேன். கடைக்காரர் அதை வெயில் படும் கண்ணாடி ஓரத்தில் எத்தனை மாதம் நிறுத்தி வைத்திருந்தாரோ, திறந்ததும் வேகவைத்த திராட்சை வாசனை. ருசி பார்க்காமலே ஒதுக்கினோம். ஒயின் வாங்குகிறவர்கள் பாட்டில் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள், லேபிளை அப்புறம் படிக்கலாம்.

பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதினேன். சுற்றியது நான் என்பதால் எனக்கு ஓட்டு இல்லை. ஆளுக்கு 50 மில்லி. முதலில் வெறும் வாயில், தண்ணீரும் பன்னும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சுற்று. பிறகு அதே ஐந்தும் இலையோடு. 1976 மே 24 அன்று பாரிஸில் ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், பெயர் தெரியாமல் சுவைத்த ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் தங்கள் நாட்டு ஒயின்களை விட்டுவிட்டுக் கலிஃபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். பெயரை மறைத்தால் நாக்கு உண்மையைப் பேசும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் அது. ஆனால் அங்கேயும் ஒயினைத் தனியாகத்தான் சுவைத்தார்கள். மீன் குழம்போடு குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த வரிசை எப்படி வந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை உண்டு.

வெறும் வாயில் தீர்ப்பு சுலபமாக வந்தது. கேபர்னே-ஷிராஸ் முதலிடம். நாவல்பழ நிறம், வாயை நிறைக்கும் கனம், விழுங்கிய பிறகும் நெடுநேரம் நிற்கும் ருசி. நந்தி மலைப் பக்கம் ஒயின் திராட்சை வளர்ந்த கதைக்கு வயது கொஞ்சம் ஆகிவிட்டது. கன்வல் குரோவர் என்பவர், பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியைச் சேர்ந்த ஒயின் நிபுணர் ஜார்ஜ் வெசெல்லின் துணையோடு 1988-ல் தொட்டபள்ளாபுரத்தில் ஆரம்பித்தது. உயரமான இடம், இரவில் குளிர்ச்சி, அதனால் பழத்தில் புளிப்பு தங்குகிறது. இரண்டாவது சோவின்யோன் பிளாங்க். அக்கா முகர்ந்ததும் "கொய்யாப்பழம்டா இது" என்றார், அப்படியே அச்சு. புரூட் மூன்றாவது. சாஞ்சியோவேசேயின் துவர்ப்பு வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி இருக்கிறது என்று அக்கா அதைக் கடைசியில் வைத்தார். மற்ற மூவருக்கும் கடைசி, செனின் பிளாங்க். "ஜூஸ் மாதிரி இருக்கு மச்சான், இதுல என்ன இருக்கு?" என்றான் ஒருவன். அதில் இருந்தது லேசான இனிப்பு. அந்த இனிப்பைத்தான் அவன் குறையாகச் சொன்னான்.

இங்கே ஒரு இடைச்செருகல். அக்காவின் சொந்த ஊர் கம்பம். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே விளையாடி வளர்ந்தவர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தத் திராட்சைக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று இன்னொரு பெயர். அதில் ஒயினும் செய்கிற நாடுகள் உண்டு. நாசிக்கில் கொடியை வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்துவிட்டு, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் ஒரே ஒரு அறுவடைதான் எடுப்பார்கள் என்று சொன்னேன். "ரெண்டு கவாத்து பண்ணிட்டு ஒரு வெள்ளாமைய விடறாங்களா? எங்க ஊர்ல எந்த மாசம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்துல பழம் இருக்குமே" என்றார். அறுவடைக்குப் பிறகு ஒரு கவாத்து, மழை முடியும் சமயம் இன்னொன்று. மழைக்காலத்தில் பழம் வந்தால் அழுகும், நீர் கோத்துச் சப்பென்று போகும். அதனால்தான் அந்த ஒன்றை விடுகிறார்கள் என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார். கொடி வளர்த்தவருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

சரி, இலை போட்டாயிற்று. முதலில் வந்தவை உளுந்து வடையும் அப்பளமும். இங்கே போட்டியே இல்லை, புரூட்தான். எண்ணெயும் உப்பும் படிந்த நாக்கைக் குமிழும் புளிப்பும் சேர்ந்து கழுவிவிடுகின்றன. அடுத்த வாய் முதல் வாய் மாதிரியே இருக்கிறது. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்துக் குமிழ் பிடிக்கிற ஷாம்பெய்ன் முறையில்தான் இதைச் செய்கிறார்கள். வெறும் வாயில் மூன்றாவது வந்த ஒயின் இது. சூடான வடையோடு குடித்தபோது நால்வரும் ஒரே குரலில் முதலிடம் கொடுத்தார்கள்.

வஞ்சிர வறுவலுக்கு எலுமிச்சை பிழிந்தோம். சோவின்யோன் பிளாங்க் அதோடு நன்றாகச் சேர்ந்தது. சிவப்பு இரண்டும் தோற்றன. மீன் கொழுப்பும் சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்பும் சந்தித்தால் நாக்கில் துருப்பிடித்த ஒரு வாடை எழும். கேபர்னேயில் அது தெளிவாகவே தெரிந்தது.

அடுத்து மீன் குழம்பு. முதல் நாளே வைத்து, ஒரு ராத்திரி ஊறிய குழம்பு. கம்பத்துக் கை, காரம் குறைத்துப் போட அக்காவுக்குத் தெரியாது. இங்கேதான் வரிசை தலைகீழாகப் புரண்டது. முதலிடம் வாங்கிய கேபர்னே-ஷிராஸை ஒரு வாய் குடித்தவன் கண் கலங்கித் தண்ணீர் கேட்டான். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்புகளை ஆல்கஹாலும் சூடேற்றுகிறது, லேபிளில் 13.5 சதவீதம் என்று போட்டிருந்தது. துவர்ப்பு அந்த எரிச்சலின் மேல் இன்னும் உரசுகிறது. போதாக்குறைக்குப் புளி. குழம்பின் புளிப்புக்கு முன்னால் ஒயினின் புளிப்பு காணாமல் போய், பழ ருசியும் வடிந்து, வெறும் கசப்பு மட்டும் நின்றது. சோவின்யோன் பிளாங்க் அந்த அளவுக்கு விழவில்லை. ஆனால் கொய்யா போய்ப் பச்சைப் புல் வாசனைதான் மிஞ்சியது.

செனின் பிளாங்க் ஊற்றினேன். நன்றாகக் குளிர்ந்திருந்தது, கிளாஸுக்கு வெளியே வியர்த்திருந்தது. குழம்புச் சோறு ஒரு கவளம், மேலே ஒரு மடக்கு. ஜூஸ் என்று சொன்னவன் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கவளம் பிசைந்தான். கிளாஸை நீட்டினான். மறுபடி நீட்டினான். அந்த இனிப்பு இப்போது இனிப்பாகவே தெரியவில்லை. காரம் அதை விழுங்கிக்கொண்டு, பதிலுக்குப் பேரிக்காய் மாதிரி ஒரு பழ ருசியை மேலே கொண்டுவந்தது. குழம்பும் கெடவில்லை, காரம் அடங்கி மீனின் ருசி தெரிந்தது. நாசிக்கில் செனினையும் சோவின்யோனையும் 1990களின் பின்பாதியில் நட்டு, 2000-ல் தன் சூலா நிறுவனத்தின் முதல் ஒயினைக் கடைக்குக் கொண்டுவந்த ராஜீவ் சாமந்த், நம் ஊர்க் குழம்பை நினைத்துத்தான் அந்த இனிப்பை விட்டாரா தெரியாது. எங்களுக்கு அன்று அப்படித்தான் தோன்றியது.

சிவப்பு ஒயினுக்கு நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்லிவிட வேண்டும். அறை வெப்பத்தில் பரிமாறு என்பார்கள். அந்த அறை ஐரோப்பாவின் கல் வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. அக்கா வீட்டுச் சமையலறையில் ஏப்ரல் மதியம் முப்பதுக்கு மேலே. அந்தச் சூட்டில் பழ வாசனைக்கு முன்னால் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். மீன் முடிந்து கறி வருவதற்குள் இரண்டு சிவப்பையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தேன். கேபர்னே-ஷிராஸ் வேறு ஆளாக வந்தது.

மிளகுக் கோழிக்கு அது எழுந்து நின்றது. ஷிராஸில் வரும் மிளகு வாசனை உவமைக்காகச் சொல்வது என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் ஷிராஸ் பழத் தோலிலும் இருக்கிறது. அக்கா அம்மியில் நுணுக்கிய மிளகின் வாசனையும் கிளாஸிலிருந்து வந்ததும் ஒன்றோடொன்று கலந்தபோது எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. அன்றைய மதியத்தில் எனக்கு மிகப் பிடித்த நிமிஷம் அதுதான்.

மட்டன் சுக்காவில் ஓட்டு இரண்டு இரண்டாகப் பிரிந்தது. கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால், வாழைப்பூ என்று அக்கா ஒதுக்கிய சாஞ்சியோவேசே இப்போது வழவழவென்று இறங்கியது. தக்காளி நிறைய வதக்கிய தொக்கு வேறு. இத்தாலிய டஸ்கனியில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயுமாகச் சாப்பிடுகிறவர்கள் வளர்த்த திராட்சைக்கு அது பழகிய துணை. அக்கா தன் ஓட்டை அதற்கே மாற்றிப் போட்டார். என்னைக் கேட்டால் நானும் அந்தப் பக்கம்தான். கேபர்னே நல்ல ஒயின், ஆனால் சுக்காவோடு அது தன் கனத்தையே காட்டிக்கொண்டிருந்தது. சாஞ்சியோவேசே கறிக்கு வழிவிட்டது.

ரசத்துக்கு எதுவும் சேரவில்லை. ஐந்தையும் ஊற்றிப் பார்த்தோம். ரசத்தை ரசமாகவே குடியுங்கள்.

காகிதத்தைப் பிரித்தபோது விலை உயர்ந்த கேபர்னே-ஷிராஸ் பாதி மிச்சம். புரூட் கால் பாட்டில். சோவின்யோனிலும் சாஞ்சியோவேசேயிலும் ஆளுக்கு ஒரு வாய். இருந்ததிலேயே விலை குறைந்த செனின் மட்டும் காலி. அடுத்த மாதம் இன்னொரு நண்பன் வீட்டில் நண்டு மசாலா என்று பேச்சு. அதற்கு வாங்குகிற பட்டியலை அன்றே எழுதிவிட்டோம்: செனின் இரண்டு, புரூட் ஒன்று, கறி ஏதாவது இருந்தால் சாஞ்சியோவேசே ஒன்று. கம்பம் போய் வரும்போது பன்னீர் திராட்சை ஒரு கூடை கொண்டுவருவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.