படத்தில் தொங்கிய பெல்ட்: டிஸ்ப்ளே ரேக் செய்யக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பெல்ட், டை, ஸ்கார்ஃப், தொப்பி, கைப்பை, கூலிங் கிளாஸ் என்று ஆடையோடு சேர்த்து அணியும் சாமான்கள் விற்கும் கடை ஆரம்பிக்கப் போகிறீர்களா? ரேக்கை டிசைனும் செய்து பட்டறையில் அடித்தும் தருவதாக யாராவது 3டி படங்களோடு வந்திருக்கிறார்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குச் செய்து தந்தவர்கள் பணத்தோடு ஓடிவிடவில்லை. ஓடியிருந்தால் புகார் எழுதுவதாவது சுலபமாக இருந்திருக்கும். ரேக்குகள் வந்தன, பொருத்தியும் தந்தார்கள், காலியாக நின்றபோது பார்க்க அழகாகவே இருந்தன. சரக்கை மாட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏமாற்று வேலையின் பெரும்பகுதி அதற்குள்தான் இருந்தது. சுவரோரம் 2.1 மீட்டர் உயரத்தில் ஒரு ரேக். மேல் வரிசைக் கொக்கிகள் தரையிலிருந்து 2 மீட்டரில், கீழ் வரிசைக் கொக்கிகள் 1.1 மீட்டரில். இரண்டு வரிசையிலும் பெல்ட்டுகள் பக்கிளில் மாட்டி நேராகத் தொங்கின. வரிசைகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி, அடியில் ஒரு கூடை வைக்கும் அளவுக்கு இடம். ஒரே சுவரில் இரண்டு மடங்கு சரக்கு என்றால் எந்தக் கடைக்காரருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் பெரியவர்கள் அணியும் பெல்ட் பக்கிளோடு சேர்த்து 105 முதல் 125 சென்டிமீட்டர் வரை வரும். இரண்டு கொக்கி வரிசைக்கும் நடுவே இருந்ததோ 90 சென்டிமீட்டர். மேல் வரிசை பெல்ட்டின் வால் கீழ் வரிசை பக்கிள்களின் மேல் வந்து விழுந்தது. கீழ் வரிசையில் நீளமானவை தரையைத் தொட்டன. ஒன்றை எடுத்தால் நான்கு சிக்கிக்கொண்டு வரும். படத்தில் மட்டும் எப்படிப் பொருந்தியது என்று அதை அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். ரேக் 2.1 மீட்டர் என்ற கணக்கில், அதில் தொங்கிய பெல்ட்டின் நீளம் 70 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டியது. சிறுபிள்ளைகள் போடும் பெல்ட் அளவு. பக்கத்தில் நிற்கும் பெண்ணின் உயரம் சரியாக இருந்தது, ரேக்கின் உயரமும் சரி. சரக்கை மட்டும் சுருக்கி வைத்திருந்தார்கள். தொப்பிகளும் அப்படியே. நிஜத்தில் முன்விளிம்பிலிருந்து பின்பக்கம் வரை கால் மீட்டருக்கு மேல் வரும் தொப்பி, படத்தில் 20 சென்டிமீட்டர் ஆழத் தட்டில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. (இப்படி அளப்பதென்றால் நேர் எதிரே நின்று பார்ப்பது போன்ற படமாக எடுத்துக்கொள்ளுங்கள். சாய்கோணப் படத்தில் கணக்கு தப்பும்.)

கேட்டபோது வந்த பதில்: “சார், அது வெறும் கான்செப்ட் படம்தான்.” ஆனால் கொட்டேஷனில் அளவு, பொருள், வேலைப்பாடு என எல்லாவற்றுக்கும் நேராக “படத்தில் உள்ளபடி” என்றே எழுதியிருந்தார்கள். படம்தான் ஒப்பந்தம் என்று கையெழுத்து வாங்கிவிட்டு, பிரச்சினை வந்ததும் படம் சும்மா என்கிறார்கள். பிறகு அதே படத்தை இணையத்தில் படத்தைக் கொண்டு தேடும் வசதியில் போட்டுப் பார்த்தேன். சுவரின் நிறம் மட்டும் மாறி, வேறு இடங்களிலும் கிடைத்தது. என் கடைக்கென்று வரைந்ததாகச் சொல்லி டிசைனுக்குத் தனிக் கட்டணம் வாங்கியிருந்தார்கள்.

ஆகவே 3டி படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கேட்க வேண்டியது அளவு போட்ட வரைபடம். முன்பக்கத் தோற்றமும் பக்கவாட்டுத் தோற்றமும் வேண்டும். அதில் உங்கள் சரக்கை அதன் நிஜ அளவில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் சரக்கிலேயே நீளமானது எதுவோ அதைக் கொடுங்கள்: மிக நீளமான பெல்ட், மடிக்காத ஸ்கார்ஃப், வாரைத் தொங்கவிட்ட கைப்பை. டை ஒன்றரை மீட்டர் அளவு இருந்தாலும் பாதியாக மடித்துப் போட்டால் முக்கால் மீட்டரில் அடங்கும். 180 சென்டிமீட்டர் ஸ்கார்ஃபை மடித்துப் போட்டால் 90. ஒன்றுக்குப் பொருந்தும் இடைவெளி இன்னொன்றுக்குப் பொருந்தாது. இந்தக் கணக்கைத் தானாகவே கேட்காத டிசைனர், ரேக்கை வரைகிறாரே தவிர கடையை வரையவில்லை.

அடுத்தது கொக்கி. கொட்டேஷனில் 6 மில்லிமீட்டர் கம்பி. வந்தது 4. கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது, ஆனால் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும். அதாவது 4 மில்லிமீட்டர் கம்பிக்கு இருப்பது 6 மில்லிமீட்டர் கம்பியின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். போதாக்குறைக்குக் கொக்கியின் நீளத்தையும் 30 சென்டிமீட்டராக நீட்டியிருந்தார்கள், படத்தில் நிறையப் பொருள் தெரிய வேண்டுமே. ஒரே எடையை நுனியில் தொங்கவிட்டால், கொக்கியின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். கனமான பக்கிள் வைத்த தோல் பெல்ட் ஒன்று 300 கிராம் வந்தால், பத்து பெல்ட்டுக்கு 3 கிலோ. கம்பி கொஞ்சம் தொய்ந்ததும் பெல்ட்டுகள் நுனிக்கு வழுக்கி வரும், வந்ததும் இன்னும் தொயும். சில வாரங்களில் பாதிக் கொக்கிகள் தலைகுனிந்துவிட்டன. “நீங்க ஓவர்லோடு பண்ணிட்டீங்க சார், இது டிஸ்ப்ளேக்குத்தான், ஸ்டோரேஜுக்கு இல்ல” என்றார்கள். ஒரு கொக்கி எத்தனை கிலோ தாங்கும் என்று அவர்கள் கொடுத்த எந்தக் காகிதத்திலும் இல்லை. கொக்கிக்கு எத்தனை, தட்டுக்கு எத்தனை என்று கிலோ கணக்கில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

கொக்கி நுனியும் கவனிக்க வேண்டிய ஒன்று. எனக்கு வந்தவை கம்பியை வெட்டி அப்படியே விட்டவை. குழந்தையின் கண் மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அது. நுனி உருண்டையாகவோ வளைத்து மூடியோ இருக்க வேண்டும்.

கொக்கிகளை மாட்டும் ஸ்லாட்வால் பலகை இன்னொரு கதை. 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் நெடுகக் காடி வெட்டி அதில் கொக்கியைச் செருகுவது வழக்கம். காடிக்குள் அலுமினியப் பட்டை இறக்கினால்தான் எடை தாங்கும். இல்லாவிட்டால் எம்டிஎஃப் உதடு பெயர்ந்து வரும், ஏனென்றால் அது பசை கலந்து அழுத்திய மர நார்தான். கொட்டேஷனில் அலுமினியம் என்று இருந்தது, காடியும் வெள்ளியாக மின்னியது. கைப்பைகளை மாட்டிய இடத்தில் உதடு பெயர்ந்தபோது பார்த்தால், உள்ளே இருந்தது வெள்ளி நிறம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக். காடி ஓரத்தில் நகத்தால் அழுத்தினாலே தெரிந்துவிடும், அழுத்திப் பாருங்கள்.

தகட்டிலும் இதே வேலை நடந்திருந்தது. 18 கேஜ் என்று எழுதி 22 கேஜில் அடித்திருந்தார்கள். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பது பட்டறைப் பக்கம் போகாதவர்களுக்குத் தெரியாது. 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் சுமார் 0.75. தட்டையான தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், கிடைத்தது ஏறக்குறைய கால்வாசி. கேஜ் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். அளக்கும்போது இன்னொரு தந்திரம் உண்டு: பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் படிய வைக்கும் பெயிண்ட்) ஒரு பக்கத்துக்குப் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான் இருக்கும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.16 மில்லிமீட்டர் வரை கூடிவிடும். அவர்கள் என் முன்னால் தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்து “0.9 வருது பாருங்க சார்” என்று பெருமையாகக் காட்டியது அந்தப் பூச்சையும் சேர்த்து. 0.9 என்றாலும் 1.2 ஆகாது என்பது வேறு விஷயம்.

எவர்சில்வர் ஸ்டாண்டுகளுக்கு 304 ரகம் என்று சொல்லி, காந்தத்தை வைத்து ஒட்டவில்லை என்று நிரூபித்தும் காட்டினார்கள். இந்தச் சோதனையை யாராவது காட்டினால் நம்பாதீர்கள். 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். மலிவான 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. மாங்கனீசு கூடுதலாக இருந்தால் நிறம் மாறிக் காட்டும் சோதனைத் திரவம் உண்டு, ஒரு சொட்டு போதும். என் ஸ்டாண்டுகளில் வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி வந்து, வெளிர் நிற ஸ்கார்ஃபுகளில் கறை பிடித்த பிறகு வேறு பட்டறைக்காரர் ஒருவர் அந்தச் சொட்டை விட்டுக் காட்டினார்.

ஸ்கார்ஃப் என்றதும் அடுத்தது. வெல்டிங் தெறித்த சிறு முத்துகளைத் தேய்க்காமல் அப்படியே மேலே கோட்டிங் அடித்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, பட்டுத் துணிக்குத் தெரியும். பஞ்சு ஒரு கைப்பிடி எடுத்து, துணி படும் எல்லாக் குழாய் மீதும் உருவி விடுங்கள். நார் எங்கே சிக்குகிறதோ அங்கே நாளைக்கு ஒரு ஸ்கார்ஃபின் இழை போகும். ரேக் இறங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை இது.

கொக்கிகளுக்கும் ரேக்கின் நிறத்திலேயே வெள்ளைப் பவுடர் கோட்டிங் அடித்ததை ஏமாற்று என்று சொல்வதா அறியாமை என்று சொல்வதா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை. நாள் முழுக்கப் பக்கிளும் ஹேங்கரும் உரசும் இடத்தில் எந்தப் பூச்சும் உதிரும். அந்த இடத்துக்குக் குரோம் முலாம்தான் சரி. படத்தில் வெள்ளை அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது தூண்களில் இருந்த துளை. கொக்கியும் தட்டுத் தாங்கியும் மாட்டும் தூண்களில் துளைகளின் இடைவெளி பொதுவாக 25 அல்லது 50 மில்லிமீட்டர் மாதிரி பரவலாகக் கிடைக்கும் அளவில் இருக்கும். எனக்கு வந்தவற்றில் 42. கடையில் கிடைக்கும் எந்தத் தாங்கியும் பொருந்தாது. தொய்ந்த கொக்கிகளுக்குப் பதில் வேறு வாங்கலாம் என்றால், அவர்களிடம் மட்டுமே வாங்க முடியும், முதலில் சொன்ன விலையைப் போல மூன்று மடங்குக்கு. முதல் கொட்டேஷன் மற்றவர்களைவிட ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்று அப்போது புரிந்தது. துளை இடைவெளி என்ன, வேறு யாருடைய உதிரிகள் இதில் பொருந்தும் என்று இரண்டே கேள்வி. கடையில் வாங்கிய ஒரு தாங்கியைக் கையோடு கொண்டுபோய் மாதிரித் தூணில் மாட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

சுழலும் கூலிங் கிளாஸ் ஸ்டாண்டு ஒரு பக்கம் மட்டும் காலியானால் சாய்ந்தது, அடியில் இரும்புத் தகடு வைத்துச் சமாளித்தேன். விளக்குகள் பற்றியும் ஒரு வரி: நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவுகோலான சிஆர்ஐ 90 உள்ள எல்இடி கேளுங்கள். எனக்குப் போட்டுத் தந்த விளக்கின் கீழே கறுப்பு சாக்ஸும் கருநீல சாக்ஸும் ஒன்றுதான்.

புகார் செய்யப் போனபோது இன்னொரு ஏற்பாடு தெரிந்தது. டிசைனருக்கு ஒரு பில், பட்டறைக்கு ஒரு பில். வந்தபோது எல்லாம் ஒரே நிறுவனம் என்றார்கள். டிசைனர் “அடிச்சது பட்டறை, அவங்களைக் கேளுங்க” என்றார். பட்டறையில் இருந்தவர் நேர்மையாகவே பேசினார்: “அண்ணே, எங்களுக்கு அளவே வரல. வாட்ஸ்அப்புல அந்தப் படம்தான் வந்துச்சு, பார்த்து அடிச்சோம்.” பாதிப் பணம் கையெழுத்தின்போது, மீதி லாரியிலிருந்து இறக்கும் முன். பிரித்து அடுக்கிய மூட்டைகளாக வந்த ரேக்கில் எதைப் பார்த்து மறுப்பது?

கடைசியில் சில கொக்கிகளை மட்டும் மாற்றித் தந்தார்கள், அதுவும் அதே 4 மில்லிமீட்டர். மற்றதை வேறு பட்டறையில் சரிசெய்தேன்: பெல்ட்டுக்கு ஒரே வரிசை, காடிகளுக்கு நிஜ அலுமினியப் பட்டை, 20 சென்டிமீட்டர் குட்டைக் கொக்கி. இந்தப் பட்டறையோடு பேரமே வேறு மாதிரி. முதலில் ஒரே ஒரு ரேக். அதில் என் சரக்கையே முழுக்க மாட்டி, எழுதிக் கொடுத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு தொங்கவிட்டு ஒரு வாரம் விட வேண்டும். தொயாமல் நின்றால் மீதிக்கு ஆர்டர். கடைசித் தவணை சரக்கு ஏற்றி ஒரு மாதம் கழித்து. இதற்கு ஒப்புக்கொள்ளாத பட்டறைகளும் இருந்தன. கடைக்காரர்கள் அந்தக் கடைசித் தவணையைத் தருவதே இல்லை என்பது அவர்கள் குறை. அது நியாயமான குறைதான், அதனால் அந்தத் தொகைக்குத் தேதி போட்ட காசோலையை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன்.