பதினொரு வருட ஆர் பேக்கேஜும் எட்டு போல்ட்டும்

நண்பன் ஒருவன் போன வாரம் இரண்டு மாஸ்டா மியாட்டாக்களின் (மேல்கூரையைத் திறக்கக்கூடிய, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) படங்களை அனுப்பி, எதை எடுக்கலாம் என்று கேட்டான். இரண்டும் 1994 மாடல். ஒன்று தோல் சீட் போட்ட சி பேக்கேஜ், இன்னொன்று என்னிடம் பதினொரு வருடமாக இருக்கும் அதே ஆர் பேக்கேஜ். அவன் கேட்ட நேரம் சரியில்லை. நான் அப்போது வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்யும் ஒரு அலைன்மென்ட் போல்ட்டோடு இரண்டாவது நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். படிப்பவர்கள் அந்தக் கோபத்தைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

எடை ஒரு டன்னை ஒட்டித்தான், நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடித்திருக்கும் இரண்டு கைகள்), 1994-ல் எஞ்சின் 1.6-லிருந்து 1.8 ஆனது, இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் இந்தக் கேள்வியே கேட்பார்கள். பேக்கேஜ், அதாவது புது வண்டியோடு சேர்த்து விற்ற வசதித் தொகுப்பு, அந்தக் கணக்கை மட்டும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான். அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் ஏ என்றால் பவர் ஸ்டியரிங்கும் அலாய் வீலும். பி என்றால் அதோடு பவர் விண்டோ, க்ரூஸ் கன்ட்ரோல். சி என்றால் அதற்கும் மேலே பழுப்புத் தோல் சீட், அதே நிறத்தில் மேல்கூரை. ஆர் மட்டும் இந்த ஏணியில் ஏறாத ஆள்: பில்ஸ்டைன் கம்பெனியின் ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பொருள்), இறுக்கமான ஸ்பிரிங், டார்சன் டிஃபரன்ஷியல் (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் விசையை இரண்டுக்கும் பகிரும் பல்சக்கரப் பெட்டி), முன்னும் பின்னும் சின்ன ஸ்பாய்லர். பவர் ஸ்டியரிங் கெஞ்சினாலும் கிடையாது.

முதல் மூன்று வருடம் இந்த வண்டியை நான் திட்டாத நாள் இல்லை. நடுத்தரமான மேடு ஒன்றில் ஏறி இறங்கினால் போதும், முதுகுத்தண்டில் யாரோ சுத்தியலால் தட்டியதுபோல ஒரு 'டொக்'. பெரிய பள்ளம் என்றால் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிப் போகலாம். இது அப்படியில்லை, சாதாரண ஒட்டுப்போட்ட சாலையிலேயே வரும். எல்லாரும் ஒரே குரலில் "பில்ஸ்டைன் அப்படித்தான், பந்தயத்துக்குச் செய்தது" என்றார்கள். நானும் நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் கதவைத் திறந்தபோது அங்கே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். மூன்று வருடம் கழித்துத்தான் படித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். டயர் காற்று 26 பிஎஸ்ஐ, முன்னும் பின்னும் ஒரே அளவு. நான் காற்றடிக்கும் இடத்தில் எல்லாக் காருக்கும் வைப்பதுபோல 32 வைத்துவிடுவார்கள், நானும் வாய் திறந்ததில்லை. இவ்வளவு லேசான வண்டிக்கு 32 என்பது கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவது மாதிரி. 26-க்கு இறக்கிய அன்று மாலை நான் வீட்டுக்கு நேராகப் போகவில்லை, இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுத்தான் போனேன். பதினொரு வருடத்தில் இந்தக் காரில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான், ஒரு பைசா செலவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு தடவையும் "26 வையுங்கள்" என்று சொல்லவேண்டும், சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், சிலர் தலையாட்டிவிட்டு 30 வைப்பார்கள்.

ஆனாலும் அந்த 'டொக்' முழுசாகப் போகவில்லை, பாதி குறைந்தது, அவ்வளவுதான். மீதிக்குக் காரணம் பம்ப் ஸ்டாப். ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் நுரை ரப்பர் துண்டு அது. இந்த வண்டியில் சஸ்பென்ஷன் மேலே போக இருக்கும் இடமே கொஞ்சம்தான், அதனால் அந்த ரப்பர் எப்போதாவது உதவிக்கு வரும் பொருள் இல்லை, இரண்டாவது ஸ்பிரிங் போல அடிக்கடி வேலை செய்கிறது. வயதானால் பொடியாக உதிர்ந்துவிடும். ஷாக்கைக் கழற்றியபோது என்னுடையது விரலில் மாவாக ஒட்டியது. பில்ஸ்டைன் மேல் ஒரு குறையும் இல்லை, வாயு அழுத்தம் உள்ள வகை என்பதால் தண்டை அமுக்கிவிட்டால் தானாக மெல்ல வெளியே வந்தது. அத்தனை வருடம் திட்டு வாங்கியது அந்தப் பாவம். புது ரப்பர் போட்டபின் 'டொக்' இல்லை. இந்த வண்டியையே ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தி வைத்துக்கொண்டு "ரொம்பக் கடினம்" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் அந்த ரப்பர் மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு அது புரிவதுமில்லை.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன். நண்பன் பார்த்த சி வண்டியை அவனோடு போய் நானே ஓட்டினேன். உடைந்த சாலையில் மெதுவாகப் போகும்போது சி நிச்சயமாக மேல், வாதமே இல்லை. வேகம் கொஞ்சம் கூடியதும் மேட்டைத் தாண்டிய பிறகும் அது இன்னொரு தடவை ஆடி அடங்குகிறது. என்னுடையது ஒரே அசைவில் உட்கார்ந்துவிடும். வளைவின் நடுவில் சாலை சரியில்லை என்றால் அந்த இரண்டாவது ஆட்டம்தான் பயமுறுத்தும்.

ஸ்டியரிங் விஷயத்தில் வேடிக்கை ஒன்று. பந்தயப் பெயர் சொல்லி விற்ற ஆர்-இல் ஸ்டியரிங் மெதுவானது, சொகுசுக்கு விற்ற சி-யில் விரைவானது. பவர் உதவி இல்லாததால் கைக்குப் பாரம் குறைய வேண்டும் என்று ஆர்-இன் பல்சக்கர விகிதத்தைத் தளர்த்தி வைத்தார்கள், அதனால் ஒரே வளைவுக்கு என் கை அதிகம் சுற்றவேண்டியிருக்கிறது. நிறுத்துமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் வண்டி நகர ஆரம்பித்தபின் சாலையில் கிடக்கும் சிறு கல்லைக்கூட விரலுக்குச் சொல்லும். சி-யில் அது இல்லை என்று சொல்லமாட்டேன், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது. சிலர் சி-யை வாங்கி பவர் ஸ்டியரிங் பம்பைக் கழற்றிவிட்டு "ஆர் மாதிரி ஆக்கிவிட்டேன்" என்பார்கள். ஆகாது, உள்ளே இருக்கும் விகிதம் அதேதான்.

நியாயமாகச் சொன்னால், ஷாக்கும் ஸ்பிரிங்கும் எந்தப் பேக்கேஜிலும் போட்டுக்கொள்ளலாம், ஒரு சனி ஞாயிறு வேலை. பின்னால் இருக்கும் டார்சன்தான் லேசில் மாற்ற முடியாதது, அதனால் பேக்கேஜ் எழுத்தைப் பார்க்காமல் அதைப் பாருங்கள். பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒன்றைக் கையால் சுற்றவேண்டும். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் அது சாதாரண டிஃபரன்ஷியல். நண்பன் பார்த்த சி-யில் இரண்டும் ஒரே பக்கம் சுற்றின. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

இப்போது போல்ட் கதை. ஒவ்வொரு சக்கரத்தின் கீழ் விஷ்போனிலும் இரண்டு போல்ட், மொத்தம் எட்டு. மையம் விலகிய வட்டத்தோடு வருபவை, அவற்றைத் திருப்பித்தான் கேம்பரையும் (சக்கரம் மேலே உள்ளே வெளியே சாயும் கோணம்) டோவையும் (சக்கரம் முன்னால் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்ய வேண்டும். சரிசெய்தால் இந்தக் காருக்குக் கிடைக்கும் சுகமே தனி. ஆனால் வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை என்றால் போல்ட்டும், அது நுழையும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயும் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். போன அலைன்மென்டை ஒரு கடையில் செய்தேன், இப்போது பார்த்தால் பின்பக்கத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள், அச்சடித்த தாளில் மட்டும் எல்லாம் பச்சையாக இருந்தது. எண்ணெய் ஊற்றினேன், சூடு காட்டினேன், நீளமான குழாயை மாட்டித் திருகினேன். இரண்டை அறுத்தே எடுத்தேன், கூடவே புஷ்ஷும் போனது.

இவ்வளவு நேரம் ஆர்-ஐப் புகழ்ந்தவன் என்ன சொல்வேன் என்று நினைக்கிறீர்கள்? நண்பனிடம் சி-யை எடு என்றேன். எடுத்து, காற்றை 26 வைத்து, பம்ப் ஸ்டாப்பை மாற்றிவிட்டு ஓட்டு, ஆர் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்றேன். "அப்படியானால் உன்னுடையதை விற்கப்போகிறாயா?" என்று கேட்டான். எட்டில் ஏழு வந்துவிட்டது, பின் இடதுபக்கத்தில் ஒன்று மட்டும் இன்னும் அசையவில்லை, அது வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.