டிஃபெண்டர், ராங்ளர், ஜி-கிளாஸ், ஜிம்னி: புது உடம்புக்குள் எவ்வளவு பழசு?

2017 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் ஜீப் ராங்ளர். 2018 ஜனவரியில் டெட்ராய்ட்டில் மெர்சிடிஸ் ஜி-கிளாஸ். அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானில் சுசுகி ஜிம்னி. 2019 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் லேண்ட் ரோவர் டிஃபெண்டர். இரண்டு வருடத்துக்குள் உலகின் பெயர்போன நான்கு ஆஃப்-ரோடு வண்டிகளும் அடுத்தடுத்துப் புது உருவம் எடுத்தன. நான்கையும் பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: பழசு மாதிரியே இருக்கிறதா, இல்லையா? அந்தக் கேள்வியில் டிஃபெண்டர் திட்டு வாங்கியது, ஜிம்னி கைதட்டல் வாங்கியது. ஜி-கிளாஸில் என்ன மாறியது என்றே பலருக்குத் தெரியவில்லை.

எனக்கு அந்தப் பேச்சில் பெரிய ஈடுபாடு இல்லை. முகப்பு விளக்கு வட்டமா சதுரமா என்பது சேற்றில் சிக்கிய வண்டியை வெளியே இழுக்கப் போவதில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தால்தான் விஷயம் தெரியும். லேடர் ஃபிரேம் சேஸி, அதாவது உடம்பைத் தாங்கும் ஏணி வடிவத் தனி இரும்புச் சட்டம், இருக்கிறதா? முன் ஆக்சில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புக் குழாயா (ரிஜிட் ஆக்சில்), அல்லது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா (இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்)? இந்த இரண்டு கேள்விக்கும் நிறுவனங்கள் சொன்ன பதில்கள் ஒன்றுக்கொன்று ரொம்பவே தள்ளி நிற்கின்றன. விற்பனைக் கையேட்டில் இருக்கும் மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

ஆக்சில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம். ரிஜிட் ஆக்சில் வண்டியில் ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினால், ஆக்சில் மொத்தமாகச் சாய்ந்து எதிர்ப்பக்கச் சக்கரத்தைத் தரையை நோக்கி அழுத்தும். விசையை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டயரின் அளவுதான் தீர்மானிக்கிறது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும், ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினாலும் அது மாறாது. இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் டிஃபரன்ஷியல் மேலே சேஸியோடு பிணைந்திருக்கிறது. அதனால் நின்ற நிலையில் நடுவில் இடைவெளி அதிகம். ஆனால் ஒரு பள்ளத்தில் தொப்பென்று இறங்கி ஸ்பிரிங் அமுங்கும்போது வண்டியின் வயிறும் சேர்ந்து இறங்கும். ஒரு பக்கச் சக்கரம் மேலே போவதால் மறுபக்கத்துக்கு எந்த லாபமும் இல்லை. அது அந்தரத்தில் சும்மா சுற்றக்கூடும்.

தார்ச் சாலையில் கதை தலைகீழ். கனமான ரிஜிட் ஆக்சில் ஒவ்வொரு குழியிலும் துள்ளும், வேகத்தில் ஸ்டீயரிங்கை நேராக வைத்திருக்க டிரைவர் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்துகொண்டே இருக்க வேண்டும். இந்த வண்டிகள் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தார்ச் சாலையில்தான் கழிக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை மனதில் வைத்து வடிவமைத்ததாக எந்த நிறுவனமும் விளம்பரத்தில் சொல்லாது.

சரி, நான்கில் அதிகம் துணிந்தது டிஃபெண்டர். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் தொடங்கிய வம்சம், 2016 ஜனவரியில் சோலிஹல் ஆலையில் கடைசி வண்டி வெளிவரும் வரை தனி சேஸி மேல் உடம்பை வைத்தே ஓடியது. புதிய டிஃபெண்டரில் சேஸியே கிடையாது. உடம்பே சட்டமாகவும் வேலை செய்யும் அலுமினிய மோனோகாக், நான்கு சக்கரத்துக்கும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். உடம்பை ஒரு டிகிரி முறுக்க 29,000 நியூட்டன் மீட்டர் தேவை என்பது நிறுவனத்தின் கணக்கு. ஜி-கிளாஸுக்கு மெர்சிடிஸ் சொல்லும் கணக்கு 10,162. இரண்டையும் ஒரே கருவியில் அளந்திருக்க மாட்டார்கள்தான், ஆனாலும் வித்தியாசம் சின்னது அல்ல.

உடம்பு முறுகாவிட்டால் சக்கரத்தைத் தரையில் வைத்திருக்கும் வேலை முழுக்க சஸ்பென்ஷன் தலையில் விழும். அதற்கு லேண்ட் ரோவர் நம்பியது காற்றையும் கணினியையும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள 110 மாடலை முழு உயரத்துக்குத் தூக்கினால் கிரவுண்ட் கிளியரன்ஸ் (வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) 291 மி.மீ., நீரில் இறங்கும் ஆழம் 900 மி.மீ. பழைய டிஃபெண்டருக்கு நிறுவனம் அனுமதித்த ஆழம் 500 மி.மீ. மட்டுமே. மணலா, பாறையா, சேறா என்பதற்கேற்ப எஞ்சின், கியர், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் டெரெய்ன் ரெஸ்பான்ஸ் என்ற மென்பொருள் தானே மாற்றிக்கொள்கிறது. பானெட்டுக்கு அடியில் இருக்கும் தரையைக் கேமரா திரையில் காட்டுகிறது. முன்பு ஒருவர் கீழே இறங்கி நின்று "இடது, இன்னும் இடது" என்று கத்திக்கொண்டிருந்த வேலை அது.

பழைய டிஃபெண்டர் ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர்களோடு உடன்பட முடியவில்லை. கரடுமுரடான பாதையில் அனுபவம் இல்லாத ஒருவரை உட்கார வைத்தால், பழைய டிஃபெண்டர் தடுமாறும் இடத்தைப் புதியது தாண்டிப் போய்விடும். அந்த இடத்தைத் தாண்டுவது யாருடைய திறமை என்று கேட்டால், பழையதில் அது டிரைவருடையது, புதியதில் மென்பொருளுடையது. பாதையைக் கடப்பதுதான் நோக்கம் என்றால் எனக்கு இதில் வருத்தம் இல்லை.

ராங்ளர் இதற்கு நேர் எதிர். முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், லேடர் ஃபிரேம், கழற்றக்கூடிய கதவு, மடியும் கண்ணாடி. எடையைக் குறைக்கக் கதவையும் பானெட்டையும் அலுமினியத்தில் செய்தார்கள், பின்கதவில் மக்னீசியம் சேர்த்தார்கள். அடிப்படை ஏற்பாட்டைத் தொடவே இல்லை. முன்கண்ணாடியை மடிக்க முந்தைய தலைமுறையில் 28 போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும், இதில் நான்குதான். கதவுக் கீலிலேயே எந்த அளவு சாவி வேண்டும் என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி விவரத்தைப் பார்த்தால் வண்டியைச் செய்தவர்களும் அதைக் கழற்றி மாட்டுபவர்கள்தான் என்று நம்பத் தோன்றுகிறது.

பாறைகளுக்கு நடுவே ராங்ளரின் ரூபிகான் மாடலுக்கு இந்த நான்கில் போட்டியே இல்லை. முன்னும் பின்னும் டிஃப் லாக் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு), வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் 4:1 லோ ரேஞ்ச், பட்டனைத் தட்டினால் பிரியும் முன் ஸ்வே பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி). மேனுவல் கியரில் முதல் கியரும் லோ ரேஞ்சும் சேர்ந்தால் மொத்த விகிதம் 84:1-ஐத் தொடும். அதாவது எஞ்சின் 84 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. கிளட்சை மிதிக்காமல், பிரேக்கைத் தொடாமல் பாறை மேல் ஊர்ந்து ஏறலாம். ஸ்வே பாரைப் பிரித்துவிட்டால் முன் ஆக்சில் ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் தாழும் வீச்சு கண்ணுக்கே தெரியும்.

ஆனால் ராங்ளரின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் சோதனையில் அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். தானியங்கி பிரேக் இல்லாததை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது, பெரியவர்கள் பாதுகாப்பிலும் மதிப்பெண் 50 சதவீதம்தான். 2020-இல் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய சோதனையில், முன்பக்க ஓரத்தில் மோதிய வண்டி ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. புதிய டிஃபெண்டருக்கும் ஜி-கிளாஸுக்கும் யூரோ என்கேப் தந்தது ஐந்து நட்சத்திரம், ஜிம்னிக்கு மூன்று. குடும்பத்தோடு தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர் இந்த வரியைத் தாண்டிப் படிக்கத் தேவையில்லை.

கோணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பக்கம் தரையில் இடிக்காமல் எவ்வளவு செங்குத்தான சரிவில் ஏறத் தொடங்கலாம் என்பது அப்ரோச் கோணம். ரூபிகானுக்கு 44 டிகிரி, டிஃபெண்டர் 110-க்கு 38, ஜிம்னிக்கு 37, ஜி-கிளாஸுக்கு 31. இந்தப் பட்டியலில் ஜி-கிளாஸ் கடைசி. ஆனால் வழுக்கும் மலைப்பாதையில் அதைக் கடைசி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிஃபெண்டரின் 38 ஏர் சஸ்பென்ஷனை உயர்த்திய பிறகு வரும் எண். சாதாரண ஓட்ட நிலையில் அது குறையும். ஜிம்னிக்கு எதையும் உயர்த்தத் தேவையில்லை, எப்போதும் அதே 37. எண்களை வரிசைப்படுத்தி வெற்றியாளரை அறிவிக்கும் அட்டவணைகள் இதையெல்லாம் சொல்வதில்லை.

ஜி-கிளாஸுக்கு வருவோம். 1979 முதல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாராகும் வண்டி. பக்கத்திலிருக்கும் ஷோக்கல் மலைதான் அதன் பரீட்சை மைதானம். 2018-இல் கதவுக் கைப்பிடி மாதிரி சில பாகங்களைத் தவிர ஏறக்குறைய எல்லாமே புதிது. அகலம் 121 மி.மீ. கூடியது, எடை சுமார் 170 கிலோ குறைந்தது. பார்த்தால் ஒன்றும் மாறாதது போல் தோன்றுவதற்கு அவ்வளவு வேலை.

முக்கியமான வெட்டு முன் ஆக்சிலில் விழுந்தது. லேடர் ஃபிரேமை வைத்துக்கொண்டார்கள், பின்னால் ரிஜிட் ஆக்சிலையும் வைத்துக்கொண்டார்கள், முன்னால் மட்டும் டபுள் விஷ்போன் வகை இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். முன், நடு, பின் என்று மூன்று டிஃபரன்ஷியலுக்கும் நூறு சதவீத லாக், மூன்று பட்டன்கள், முன்போலவே. ஸ்டீயரிங் சாலையில் ஒழுங்காகப் பேசுகிறது, மலையில் லாக்குகள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் பரவாயில்லை, தரையில் இருக்கும் மற்றதுக்கு விசை போய்ச் சேரும். எஞ்சினியரிங் கண்ணோடு பார்த்தால் நான்கில் மிக நிதானமான பதில் இதுதான். 2020-இல் வந்த ஃபோர்டு பிராங்கோவும் மகிந்திரா தாரும் இதே ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன: தனி சேஸி, முன்னால் இண்டிபெண்டன்ட், பின்னால் ரிஜிட். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு ஜி-கிளாஸ்களில் பெரும்பாலானவை ஹோட்டல் வாசல்களில் நிற்கின்றன. அது வண்டியின் தப்பு அல்ல.

ஜிம்னியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் பெருமை. லேடர் ஃபிரேம், முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 102 குதிரைத்திறன். முந்தைய தலைமுறையில் பட்டனாக மாறியிருந்த, இரண்டு சக்கர ஓட்டத்திலிருந்து நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் லீவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். டிஃப் லாக் கிடையாது. வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி மற்றதுக்கு விசை அனுப்பும் எளிய ஏற்பாடு மட்டுமே. மற்ற வண்டிகள் தொழில்நுட்பத்தால் தீர்க்கும் பிரச்சினையை இது எடையால் தீர்க்கிறது. சுமார் 1,100 கிலோ, அகலம் 1,645 மி.மீ. புதைமணலில் குறைவாகப் புதையும், இரண்டு மரங்களுக்கு நடுவே மற்றவை திரும்பிப் போகும் இடத்தில் நுழைந்துவிடும். சிக்கிக்கொண்டால் நான்கு பேர் தள்ளினாலே வெளியே வந்துவிடும். ஆழமான தண்ணீரில் மட்டும் ஜம்பம் காட்டக் கூடாது, அதன் அளவு 300 மி.மீ. தான். நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும், பின்னிருக்கையை நிமிர்த்தினால் பெட்டி வைக்க இடமிருக்காது. இன்னொன்று: இது தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டுவிட்டு வளைத்தால் கியர் பகுதிகள் இறுகி முரண்டு பிடிக்கும்.

டிஃபெண்டரின் புது வழியை ஏற்காதவர்களுக்காகவே ஒரு வண்டியும் பிறந்தது. பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃபின் ஐனியோஸ் நிறுவனம் செய்த கிரெனடியர், பழைய டிஃபெண்டரின் சாயலில், லேடர் ஃபிரேமும் இரண்டு ரிஜிட் ஆக்சிலும் பிஎம்டபிள்யூ எஞ்சினுமாக 2022-இல் பிரான்ஸின் ஹாம்பாக் ஆலையில் தயாரிப்புக்கு வந்தது. பழைய உருவத்துக்கு வணிகச் சின்ன உரிமை கேட்டு லேண்ட் ரோவர் போட்ட வழக்கு 2020-இல் லண்டனில் தோற்றது. பழைய வடிவத்தை விட்டு நகர்ந்த பிறகும் அதை வேறு யாரும் தொடக்கூடாது என்று சொன்னது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே பட்டது.

அப்புறம் ரிப்பேர். உதவி கிடைக்க நாட்கணக்காகும் இடத்துக்குப் போகிறவருக்கு நான் டிஃபெண்டரைச் சொல்ல மாட்டேன். ஏர் ஸ்பிரிங்கில் காற்று கசிந்தாலோ ஒரு சென்சார் அடம்பிடித்தாலோ சுத்தியலும் ஸ்பேனரும் போதாது. ஏர் இல்லாமல் சாதாரண இரும்புச் சுருளான காயில் ஸ்பிரிங்கோடு வரும் மாடலும் உண்டு, தொலைதூரக்காரர் அதை எடுக்கலாம். கிளியரன்ஸில் கொஞ்சம் இழப்பார். சக்கரமும் 18 அங்குலமே போதும். 22 அங்குலம் கண்ணுக்கு அழகு, ஆனால் டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடும், கூரான கல்லில் முதலில் கிழிவது அதுதான். ராங்ளர் வாங்குபவருக்கும் ஒரு எச்சரிக்கை: மேலே நான் புகழ்ந்தது ரூபிகானை. அடிப்படை மாடலில் அந்த டிஃப் லாக்கும் 4:1 லோ ரேஞ்சும் கிடையாது, பெயர்ப்பலகை மட்டும் ஒன்று.

எனக்கு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், நீண்ட பயணமும் கரடுமுரடான பாதையும் கலந்த வாழ்க்கைக்குக் காயில் ஸ்பிரிங் டிஃபெண்டர். காட்டுப்பாதை பக்கத்திலேயே இருந்தால் யோசிக்காமல் ஜிம்னி. ராங்ளரை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளும் வசதி இருப்பவர் வாங்கட்டும்.

இரும்பா மென்பொருளா என்ற இந்தக் கேள்வி மின்சார வண்டியில் இன்னும் கூர்மையாகிறது. 2024 ஏப்ரலில் மெர்சிடிஸ் அறிமுகப்படுத்திய மின்சார ஜி-கிளாஸில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக அதன் அடையாளமாக இருந்த மூன்று டிஃப் லாக்குகளும் போய்விட்டன, அந்த வேலையை மோட்டார்களின் கட்டுப்பாட்டு மென்பொருள் செய்கிறது. இறங்கக்கூடிய தண்ணீரின் ஆழம் பெட்ரோல் வண்டியின் 700 மி.மீ. அளவிலிருந்து 850 ஆகியிருக்கிறது. ஆனாலும் லேடர் ஃபிரேமையும், டி டியோன் என்ற வகை ரிஜிட் பின் ஆக்சிலையும் விடவில்லை. எடை மூன்று டன்னைத் தாண்டுகிறது, கிட்டத்தட்ட மூன்று ஜிம்னி. அது மணலில் புதைந்தால் நான்கு பேர் போதாது.