டூ-வே போதுமா, த்ரீ-வே வேண்டுமா?

வேலூரில் ஸ்பீக்கர் வாங்கப் போனால் ஆளுயர டவர் பெட்டியும் அதில் ஒட்டிய 'த்ரீ-வே' ஸ்டிக்கரும்தான் முதலில் கண்ணை இழுக்கும். அதே விலையில் பக்கத்திலேயே ஒரு சின்ன டூ-வே ஜோடி இருக்கும். ஒலியை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது த்ரீ-வே, இரண்டாகப் பிரிப்பது டூ-வே. என் ஓட்டு சின்னதுக்கு.

நம் காதுக்கு எட்டுவது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 மீட்டர். 20,000-க்கு 2 சென்டிமீட்டர்கூட வராது. பம்பையின் அடிநாதத்துக்குக் காற்றை நிறையத் தள்ளும் அகலமான கூம்பு தேவை. கைச்சிலம்பின் சலசலப்புக்கு லேசான குட்டி டோம் (குவிமாடம்). அதனால்தான் தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என்று வேலையைப் பிரிக்கிறார்கள். பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர்: கெப்பாசிட்டர் தாழ்ந்த ஒலியை மறிக்கும், காயில் (கம்பிச்சுருள்) உயர்ந்ததை மறிக்கும்.

டூ-வேயில் இந்தப் பிரிவு பெரும்பாலும் 2,000–3,000 ஹெர்ட்ஸில் விழும். காது மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறக்குறைய அங்கேதான். ஆறரை அங்குல வூஃபர் அந்த உயரத்தில் பக்கவாட்டில் பரவாது; ஓரமாக உட்கார்ந்தவருக்குக் குரல் மங்கும். த்ரீ-வேயில் நடு ஒலிக்கான மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர் குறுக்கே வந்து குரலின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். பேஸ் (அடிநாதம்) எவ்வளவு குலுங்கினாலும் பாட்டு கலங்காது. ஒழுங்காகச் செய்த த்ரீ-வேக்கு மறுப்பே இல்லை.

ஆனால் அதே விலைக்குள் கூடுதல் டிரைவர் (ஒலி எழுப்பும் கூம்பு), இன்னொரு கிராஸ்ஓவர் பிரிவு, பெரிய காயில் எல்லாம் எப்படி அடங்கும்? மலிவு டவரைத் திறந்தால் பல நேரம் ட்வீட்டருக்கு ஒரே ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். (கார் ஓவல் ஸ்பீக்கரின் 'ஃபோர்-வே' கதையும் பெரும்பாலும் இதுவே.)

அறையையும் பாருங்கள். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ 10-க்கு 12 அடி கான்கிரீட் அறை, டைல்ஸ் தரை என்றால் அந்த 12 அடி நீளமே 47 ஹெர்ட்ஸ் பக்கம் தானாக முழங்கும். சுவரோரம் பெரிய வூஃபரை வைத்தால் எல்லாப் பாட்டும் ஒரே தொம்தொம்.

கோஆக்ஸியல் மூன்றாவது வழி: வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர். டானாய் நிறுவனம் 1947-லேயே செய்தது. கெஃப் நிறுவனம் 1988-ல் யூனி-க்யூ என்ற பெயரில் கொண்டுவந்தது. ஒலி ஒரே புள்ளியிலிருந்து வருவதால் மேசை மேல் வைத்து அருகில் கேட்பவருக்கு அருமை. நல்லது விலை கூடும்.

டூ-வே என்றால் இளப்பம் வேண்டாம். ஆடியில் கூழ் ஊற்றும்போது சவுண்டு சர்வீஸ்காரர் தெருவில் அடுக்கும் 15 அங்குல வூஃபர் பிளஸ் ஹாரன் (உயர்ந்த ஒலிக்கான புனல்) பெட்டிகளில் பலவும் அதுதான்.

கடையில் பேஸ் பாட்டு போட விடாதீர்கள். நன்றாகப் பழகிய ஒரு குரலைப் போடச் சொல்லி, இரண்டடி இடமும் வலமும் நகர்ந்து கேளுங்கள். குரல் மாறினால் அடுத்த ஜோடியைக் கேளுங்கள்.