கட்டளையிடுவது யார்? ஐரோப்பியப் பாதுகாப்பின் மூன்று வழிகள்

2025 பிப்ரவரியில் ஜெர்மனியின் தேர்தல் முடிவு வெளியான இரவிலேயே, பாதுகாப்பில் அமெரிக்காவைச் சாராத நிலையை ஐரோப்பா படிப்படியாக எட்ட வேண்டும் என்று அதில் வென்ற பிரீட்ரிக் மெர்ஸ் அறிவித்தார். அட்லாண்டிக் உறவைத் தன் வெளியுறவுக் கொள்கையின் அடித்தளமாகப் பல பத்தாண்டுகள் கொண்டிருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் தலைவர் அவர் என்பதால், அந்தச் சொற்களின் கனம் அதிகம். அதற்குப் பிறகு ஐரோப்பியத் தலைநகரங்களில் நடக்கும் விவாதம் மூன்று வழிகளைச் சுற்றியே வருகிறது: நேட்டோவுக்குள் இருந்துகொண்டே ஐரோப்பிய நாடுகள் பெரும்பங்குச் சுமையை ஏற்பது, ஐரோப்பிய ஒன்றியத்தையே ஒரு பாதுகாப்பு அமைப்பாக வளர்ப்பது, விருப்பமுள்ள நாடுகள் மட்டும் சிறு அணிகளாகச் சேர்வது. பேச்சு பெரும்பாலும் பணத்தைப் பற்றியே இருக்கிறது. தாக்குதல் நடக்கும் நேரத்தில் படைக்குக் கட்டளையிடுவது யார், அவர் எந்த நாட்டு மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்வியை முன்வைத்தே இம்மூன்றையும் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஒப்பந்த வாசகங்களைப் அருகருகே வைத்துப் பார்க்கலாம். நேட்டோவை உருவாக்கிய, 1949ஆம் ஆண்டின் வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, ஒருவர் மீதான தாக்குதலை அனைவர் மீதான தாக்குதலாகக் கருதச் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையென்று தோன்றும் நடவடிக்கையை எடுத்தால் போதும் என்று அங்கேயே விட்டுக்கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 42ஆம் பிரிவு, 7ஆம் உட்பிரிவோ, தாக்கப்பட்ட நாட்டுக்குத் தங்களால் இயன்ற எல்லா வழிகளிலும் உதவுவதை மற்ற உறுப்பு நாடுகளின் கடமையாக்குகிறது. ஏட்டளவில் பின்னதே வலுவானது. இருந்தும் 5ஆம் பிரிவைக் கண்டுதான் எதிரிகள் அஞ்சினார்கள். அதன் பின்னால் நிரந்தரத் தலைமையகமும், ஆண்டுதோறும் சேர்ந்து பயிற்சி செய்யும் படைகளும், அமெரிக்க அணு ஆயுதமும் இருந்தன. 42ஆம் பிரிவின் பின்னால் அப்படி எதுவும் இல்லை. 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு பிரான்ஸ் அதைப் பயன்படுத்தியபோது, கிடைத்த உதவி அந்தந்த நாட்டோடு தனித்தனியே பேசிப் பெற்றதாகவே இருந்தது.

நேட்டோ வழியின் பலம், தலைமையகமும் கூட்டுப் பயிற்சியும் கொண்ட இந்த இயந்திரம்தான். அதன் பலவீனமும் அதுவே. 1951இல் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர் பொறுப்பேற்றது முதல் ஐரோப்பாவுக்கான நேட்டோவின் தலைமைத் தளபதி எப்போதும் அமெரிக்கராகவே இருந்திருக்கிறார். உளவுச் செயற்கைக்கோள்கள், வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்கள் போன்றவற்றில் அமெரிக்காவைச் சார்ந்திருப்பது மிக அதிகம். நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் அதிபர் நேட்டோவை விட்டு விலகுவதைத் தடுக்கும் சட்டம் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் வந்துவிட்டது என்பது உண்மையே. ஆனால் விலகாமலேயே உதவிக்கு வராமல் இருக்கும் ஓர் அதிபரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த முடியாது. அதிலும், நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் ஒன்றான டென்மார்க்கின் ஆட்சிப் பகுதியான கிரீன்லாந்தைப் பெற வலுவைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி கூற டிரம்ப் 2025 ஜனவரியில் மறுத்தபோது, ஒப்பந்தத்தின் மேல் இருந்த நம்பிக்கை ஆழமாகக் காயப்பட்டது. 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் உறுப்பு நாடுகள் 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்க இசைந்தன: 3.5 சதவீதம் நேரடி இராணுவச் செலவுக்கு, 1.5 சதவீதம் சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு. அமெரிக்காவின் இடத்தில் யார் கட்டளையிடுவார் என்பதற்கு அந்த விழுக்காட்டில் பதில் இல்லை.

ஒன்றியப் படை என்னும் கனவு புதிதன்று. பிரான்சின் பிரதமர் ரெனே பிளெவன் 1950இல் முன்வைத்து, ஆறு நாடுகள் 1952இல் கையெழுத்திட்ட ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூக ஒப்பந்தத்தை, 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றமே 319க்கு 264 என்ற வாக்குகளில் புதைத்தது. தன் படையைப் பிறர் கட்டளைக்கு விடுவதா என்ற அன்றைய தயக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. தலா சுமார் 1,500 வீரர்கள் கொண்ட ஒன்றியத்தின் போர்க்குழுக்கள் 2007 முதல் தயார்நிலையில் இருந்தும் ஒருமுறைகூடக் களம் காணவில்லை. முடிவுகளுக்கு 27 நாடுகளின் ஒருமனம் வேண்டும். உக்ரைனுக்கான இராணுவ உதவிப் பணத்தை ஹங்கேரி ஒன்றே நீண்டகாலம் நிறுத்திவைக்க முடிந்தது. பிரிட்டனும் நார்வேயும் துருக்கியும் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

ஆனால் ஆயுத உற்பத்தியில் ஒன்றியத்தால் செய்யக்கூடியதை வேறு யாராலும் செய்ய முடியாது. 2025 மே மாதம் ஏற்கப்பட்ட 15,000 கோடி யூரோ கடன் திட்டம், வாங்கும் கருவிகளின் பாகங்களில் குறைந்தது 65 சதவீத மதிப்பு ஒன்றியத்திலிருந்தோ உக்ரைன் உள்ளிட்ட நெருங்கிய கூட்டாளி நாடுகளிலிருந்தோ வர வேண்டும் என்கிறது. இது நல்ல தொடக்கம். எனினும் அவசரகாலப் பிரிவைக் காட்டி ஐரோப்பிய நாடாளுமன்றத்தைத் தாண்டி அது நிறைவேற்றப்பட்டது எனக்கு உறுத்துகிறது. அந்த நாடாளுமன்றம் நீதிமன்றத்துக்குப் போனது நியாயமே.

அணு ஆயுதத்தில் மூன்று வழிகளும் ஒரே சுவரில் முட்டுகின்றன. பிரான்சிடம் சுமார் 290 அணுகுண்டுகளும் பிரிட்டனிடம் சுமார் 225 அணுகுண்டுகளும் உள்ளன. பிரிட்டனின் டிரைடன்ட் ஏவுகணைகள் அமெரிக்காவோடு பகிரும் இருப்பிலிருந்து வருபவை. பிரான்சுடையவை முழுக்கச் சொந்தம். தன் அணு ஆயுதம் ஐரோப்பியக் கூட்டாளிகளைக் காப்பது பற்றிய விவாதத்தை 2025 மார்ச்சில் தொடங்கிவைத்த பிரெஞ்சு அதிபர் மக்ரோன், இறுதி முடிவு பிரெஞ்சு அதிபருடையதே என்றும் சேர்த்துச் சொன்னார். அப்படியானால் வார்சாவிலோ பெர்லினிலோ வாழ்பவரின் உயிர், அவருக்கு வாக்கில்லாத 2027 பிரெஞ்சுத் தேர்தலின் முடிவைச் சார்ந்திருக்கும். வாஷிங்டன் மீதான கவலையும் இதே வடிவம்தான்.

சிறு அணிகள் இந்த மூன்றில் சத்தமில்லாமல் முன்னேறியிருக்கும் வழி. பிரிட்டன் தலைமையில் பத்து வடக்கு நாடுகள் கூட்டுப் படையணி ஒன்றை நடத்துகின்றன. என்னை அதிகம் ஈர்ப்பது நெதர்லாந்து–ஜெர்மனி ஏற்பாடு. செலவைக் குறைக்க 2011இல் தன் டாங்கிப் படையைக் கலைக்க முடிவெடுத்த நெதர்லாந்து, இப்போது ஜெர்மனியிடம் குத்தகைக்கு எடுத்த லெப்பர்ட் டாங்கிகளை ஜெர்மன் வீரர்களோடு சேர்ந்து 414ஆம் டாங்கிப் படைப்பிரிவில் இயக்குகிறது. 2023க்குள் நெதர்லாந்தின் மூன்று போர்ப் படையணிகளும் ஜெர்மன் தரைப்படையின் அமைப்போடு இணைந்துவிட்டன. மொழியும் பயிற்சியும் உதிரிப் பாகங்களும் இப்படிப் பொதுவாகிவிட்டால், பிரிவது கடினம். அதனால், நேட்டோவின் தலைமையகப் பதவிகளை ஐரோப்பியர் படிப்படியாக ஏற்பதும், அதற்குள் இத்தகைய இரு நாட்டு, மூன்று நாட்டு இணைப்புகளைப் பெருக்குவதும், பணத்தையும் தொழிற்சாலையையும் ஒன்றியத்திடம் விடுவதுமே நடக்கக்கூடிய பாதை என்று கருதுகிறேன்.

அந்தப் பாதையிலும் முதல் கேள்வி தீரவில்லை. ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றத்தின் 1994 தீர்ப்பின்படி, வீரர்களை வெளிநாட்டுப் போர்க்களத்துக்கு அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். பெர்லின் தயங்கி, நெதர்லாந்து அரசு இருக்கும் ஹேக் அவசரப்படும் நாளில் அந்த 414ஆம் படைப்பிரிவு புறப்படுமா, பாதி மட்டும் புறப்படுமா என்பதை இரண்டு நாடாளுமன்றங்களும் நெருக்கடி வருமுன்பே, மக்கள் அறியப் பேசி, எழுத்தில் முடிவுசெய்தாக வேண்டும்.