வைஃபை கன்ட்ரோலரின் தானியங்கிப் பவர் வசதி: ஒரு மதிப்பீடு

நீண்ட நடைக்கூடமும் அதன் இருபுறம் அறைகளும் கொண்ட ஓர் அலுவலகத் தளத்தில் வைஃபை சிக்னலை அனுப்பிப் பெறும் கருவிகளான அக்சஸ் பாயிண்டுகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வைஃபை கன்ட்ரோலர் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். ஒவ்வொன்றும் எவ்வளவு பலமாகச் சிக்னல் அனுப்ப வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் அதன் தானியங்கிப் பவர் கட்டுப்பாட்டைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

எல்லா அக்சஸ் பாயிண்டுகளையும் முழுப் பவரில் விட்டால் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் நிறைந்து தெரியும். ஆனால் அக்சஸ் பாயிண்ட் 20 டிபிஎம்மில், அதாவது 100 மில்லிவாட்டில் அனுப்புவது கைப்பேசிக்குக் கேட்டாலும், அதைவிடக் குறைந்த பவரில் கைப்பேசி அனுப்பும் பதில் திரும்ப எட்டாவிட்டால் அந்தக் கோடுகளால் பயனில்லை. ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசைப் பகுதியில், இருக்கும் அக்சஸ் பாயிண்டுகள் ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் இருந்தால், ஒன்று அனுப்பி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கவும் வேண்டும். ஒன்றன்மீது ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தக் காத்திருப்பு மிகுதி.

பக்கத்து அக்சஸ் பாயிண்டுகளின் சிக்னல் தமக்கு எவ்வளவு பலமாக வருகிறது என்று ஒவ்வொன்றும் அளந்து தெரிவிக்க, அளவு மிகுந்தால் கன்ட்ரோலர் பவரை 3 டெசிபல் படிகளில், படிக்குப் பாதியாகக் குறைக்கிறது. குறை இங்கேதான் இருக்கிறது. நடைக்கூடத்தின் கூரையில் வரிசையாக மாட்டியவை தடையின்றி ஒன்றையொன்று கேட்பதால் 5 கிகாஹெர்ட்ஸில் பவர் 8 டிபிஎம் வரை, அதாவது சுமார் 6 மில்லிவாட்டுக்கு இறங்கிவிட்டது. சுவருக்கு அப்பால் மேசைமீது இருக்கும் மடிக்கணினிக்கு என்ன கேட்கிறது என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. மூடிய அறைகளில் வீடியோ அழைப்புகள் திணறின.

5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ்வரம்பு 11, மேல்வரம்பு 17 டிபிஎம் என்று வகுத்து, 2.4 கிகாஹெர்ட்ஸின் மேல்வரம்பை அதைவிட 6 டெசிபல் குறைவாக வைத்த பிறகு அழைப்புகள் சீரடைந்தன. அக்சஸ் பாயிண்டுகளை அறைகளுக்குள் மாட்டியிருந்தால் இந்தச் சிக்கலே பெரும்பாலும் எழுந்திராது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பழி மென்பொருளைச் சேராது.

நிர்வாகத் திரையில் பவரை டிபிஎம்மில் காட்டாமல் 1, 2, 3 என்று நிலை எண்களில் காட்டுவது எரிச்சலூட்டுகிறது. அனுமதிக்கப்பட்ட உச்சப் பவர் சேனலுக்குச் சேனல் மாறக்கூடியது என்பதால், ஒரு சேனலில் உள்ள 3ஆம் நிலையும் மற்றொரு சேனலில் உள்ள 3ஆம் நிலையும் சமமாக இருக்க வேண்டியதில்லை. உண்மை அளவு வேண்டுமென்றால் ஒவ்வோர் அக்சஸ் பாயிண்டின் விவரப் பக்கத்தையும் தனித்தனியே திறக்க வேண்டியிருக்கிறது.

ஓர் அக்சஸ் பாயிண்டின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தபோது, அருகில் உள்ளவை தாமாகவே பவரை உயர்த்தி அந்த இடைவெளியை நிரப்பின. இந்த வசதியை வாங்கலாம் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுவே. ஆனால் வகுத்த மேல்வரம்பை அந்த உயர்வும் தாண்டாது என்பதால், பழுதின்போது கைகொடுக்க ஓரிரு படிகளாவது மிச்சம் இருக்கும்படி அந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.