முற்றவிட்டுக் காயவைக்க எந்தக் கொடி? சுரை, நுரைப்பீர்க்கு, அலங்காரப் பூசணி

கறிக்காகக் கொடி போடுகிறவருக்கு முற்றிய காய் வீண். சதை நாராகிவிடும், விதை கெட்டிப்பட்டுவிடும். ஆனால் வேண்டுமென்றே முற்றவிட்டு, காயவைத்து, மிஞ்சுகிற ஓடு அல்லது நாரைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. இந்த அலசல் அவர்களுக்கு. களத்தில் இருப்பவை மூன்று: குடுவைக்குச் சுரை, தேய்ப்பதற்கு நுரைப்பீர்க்கு, பார்வைக்கு அலங்காரப் பூசணி. மூன்றும் வெள்ளரிக் குடும்பம்தான். பாகலையும் புடலையையும் சேர்க்கவில்லை. ஒன்று பழுத்ததும் வெடித்துவிடும், மற்றது குழைந்துவிடும். திருவோட்டுக்காயும் இதில் வராது. ஓடு சுரையைப் போலவே கெட்டிதான், ஆனால் அது மரத்தில் காய்ப்பது. இந்தக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பந்தல்தான் இருக்கிறது, வெயில் காலம் நீளமாகக் கிடைக்கும் என்றால் நுரைப்பீர்க்கு. காயவைக்கக் காற்றோட்டமான இடமும், மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் இருந்தால் சுரை. அலங்காரப் பூசணிக்குப் பந்தலைக் கொடுக்கவே மாட்டேன்; வேலியோரம் காலியாகக் கிடந்தால் இரண்டு விதை போடலாம், அவ்வளவுதான்.

முதலில் காலக்கணக்கு. அலங்காரப் பூசணி ஏறத்தாழ 100 நாளில் முற்றிவிடும். சுரையின் ஓடு கெட்டிப்பட 120 முதல் 140 நாள் வேண்டும். பெரிய ரகங்கள் இன்னும் கொஞ்சம் இழுக்கும். நுரைப்பீர்க்கில் நார் நன்றாக இறுக 150 முதல் 200 நாள் வரை ஆகலாம், அத்தனை நாளும் வெப்பம் வேண்டும். பனி உறையும் பகுதிகளில் நாற்றை வீட்டுக்குள்ளேயே வளர்த்து, குளிர் விட்டதும் வெளியே நடுவதற்கு இதுதான் காரணம். கோடை குறுகிய இடமென்றால் என் தீர்ப்பைத் திருப்பிப்போட்டுக்கொள்ளுங்கள். அங்கே நுரைப்பீர்க்கு கடைசி இடத்துக்குப் போய்விடும். பாதி முற்றிய நுரைப்பீர்க்கில் கிடைப்பது ஈரத்தில் துவண்டுபோகிற மெல்லிய நார்தான்.

சுரைக்கும் நுரைப்பீர்க்குக்கும் விதைத்தோல் தடிமன். அப்படியே ஊன்றினால் சில விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கிள்ளிவிட்டு, ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். பூசணிக்கு இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை.

காய்ப்பு விஷயத்தில் மூன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பூ விரியும் நேரம். சுரையின் பூ வெள்ளை. சாயங்காலம் விரிந்து மறுநாள் காலைக்குள் வாடிவிடும். இரவில் பறக்கும் விட்டில்கள் அதைத் தேடி வரும், தேனீ அந்த நேரத்துக்கு வராது. நுரைப்பீர்க்கும் பூசணியும் மஞ்சள் பூ, காலையில் விரியும், தேனீயே பார்த்துக்கொள்ளும். விட்டில் குறைந்த இடத்தில் சுரைப்பிஞ்சு விரல் நீளம் வந்து பழுத்து உதிர்வதைப் பார்த்து, உரம் போதவில்லை என்று மேலும் மேலும் எருவைக் கொட்டுகிறார்கள். உண்மையில் பல நேரம் மகரந்தம் சேராததுதான் காரணம். இருட்டும் நேரத்தில் நீளக் காம்புள்ள ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அடியில் குட்டிக் காயோடு நிற்கும் பெண் பூவின் நடுவில் தடவினால் போதும். இன்னொன்று: சுரையின் தாய்க்கொடியில் ஆண் பூக்களே மிகுதி, பெண் பூ அதிகம் வருவது பக்கக்கொடிகளில்தான். தாய்க்கொடி மூன்று மீட்டர் ஓடியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கொடிகள் பெருகும். நுரைப்பீர்க்கில் இப்படி மெனக்கெட வேண்டியதில்லை.

பழ ஈ, சிவப்பு வண்டு, சாம்பல் நோய் மூன்றையும் வஞ்சகமில்லாமல் தாக்கும். பழ ஈ பிஞ்சில் துளைபோட்டு முட்டையிடும் என்பதால் பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டுவது நல்லது. வேர் வலிமையில் மட்டும் சுரை கில்லாடி. வாடல் நோயிலிருந்து தர்பூசணியைக் காக்க, அதைச் சுரையின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டும் முறை 1920-களிலேயே ஜப்பானில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

பந்தலின் பலத்தையும் யோசிக்க வேண்டும். நுரைப்பீர்க்குக்கு வலையும் நாலு கம்பும் போதும். பெரிய சுரை ஒவ்வொன்றும் பல கிலோ எடை போடும், அதுவும் மழையில் நனைந்த கொடியோடு சேர்த்து. ஆனால் பந்தலில் தொங்கவிட்டால்தான் கழுத்து நேராக இறங்கும். அதே விதையைத் தரையில் ஓடவிட்டால் கழுத்து வளைந்து கரண்டி வடிவம் வரும், அடி தட்டையாகி உட்கார வைக்க வசதியாக இருக்கும். எந்தப் பாத்திரம் வேண்டுமோ அதற்கேற்ப ஏற்றலாம், படரவிடலாம். சீனாவில் பிஞ்சைச் செதுக்கிய அச்சுக்குள் வளரவிட்டு, அச்சின் சித்திரம் ஓட்டில் புடைத்து நிற்கும்படி செய்திருக்கிறார்கள். இந்த விளையாட்டெல்லாம் சுரையில் மட்டும்தான்.

இனி உண்மையான சோதனை: காயவைப்பது. இங்கேதான் நுரைப்பீர்க்கு முந்துகிறது. கொடியிலேயே விட்டுவைத்தால் தோல் பழுப்பாகி, கையில் எடுத்தால் காகிதம் மாதிரி லேசாகிவிடும், குலுக்கினால் விதை கலகலக்கும். அடிப்பக்கத்தைக் கிள்ளினால் மூடி போலக் கழன்றுவிடும். தலைகீழாகத் தட்டினால் கருப்பு விதைகள் கொட்டும். தோல் பிடிவாதம் பிடித்தால் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து உரிக்கலாம். உள்ளே இருப்பது வெளிர்நிற நார்வலை, அதுதான் பீர்க்கங்கூடு. வழவழப்புப் போகும்வரை அலசி வெயிலில் உலர்த்தினால் வேலை முடிந்தது. கறிக்கு வளர்க்கும் வரிப்பீர்க்கிலும் கூடு கிடைக்கும், ஆனால் அந்த முகடுகளைத் தாண்டித் தோலை உரித்தெடுப்பது எரிச்சல்.

சுரை அப்படியில்லை. காம்பு பழுப்பாகிக் காய்ந்த பிறகு, ஓரிரு அங்குலக் காம்போடு வெட்டியெடுக்க வேண்டும். பச்சையாக இருக்கும்போதே அவசரப்பட்டால் காய் சுருங்கிச் சூம்பிப்போகும். முற்றிய காயிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அத்தனையும் ஓட்டின் வழியாகவே கசிந்து வெளியேற வேண்டும். இடைவெளி விட்ட பரணில், ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கிவைக்கலாம், அல்லது தொங்கவிடலாம். சிறியது சில வாரம், பெரியது ஆறு மாதம்கூட எடுக்கும். நடுவில் தோலெங்கும் வெள்ளையும் கருப்புமாகப் பூஞ்சை படரும். புதிதாக வளர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில் பயந்து தூக்கிப்போடுகிறார்கள். ஓடு கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அழுகல், வெளியேற்றுங்கள். அமுங்காவிட்டால் பூஞ்சை மேல்தோலில் மட்டும்தான், அப்படியே விட்டுவிடலாம். நன்றாகக் காய்ந்ததும் வெந்நீரில் ஊறவைத்து, மழுங்கின கத்தியால் சுரண்டினால் அந்த அழுக்குத்தோல் சுருள் சுருளாக வந்துவிடும். கீழே பழுப்பு ஓடு பளபளக்கும்.

வெட்டும்போது முகமூடி கட்டாயம். உள்ளே இருக்கும் தூசியும் பூஞ்சையும் நெஞ்சுக்குள் போனால் நல்லதல்ல. தண்ணீர் குடிக்கும் குடுவையாக வேண்டுமென்றால் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பை இறக்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது என்ன? மழையில் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் பல்லாண்டு நிலைக்கும் ஓடு. சிதாரின் அடிக்குடம், மேற்கு ஆப்பிரிக்காவின் நரம்பிசைக் கருவியான கோரா, தென் அமெரிக்காவில் மாத்தே என்ற இலைப்பானம் குடிக்கும் குவளை எல்லாம் சுரையோடுதான். ஆப்பிரிக்காவில் தோன்றிய இந்தக் கொடி ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் கண்டங்களில் பயன்பாட்டில் இருந்தது. காய் கடலில் மிதந்தே அங்கே போயிருக்கலாம் என்று 2014-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. பீர்க்கங்கூட்டுக்கு அந்த ஆயுள் இல்லை. ஒவ்வொரு முறையும் பிழிந்து உலர்த்தாவிட்டால் நாறும், சில வாரத்தில் மாற்ற வேண்டியதுதான். ஆனால் ஒரே கொடி ஒரு வீட்டுக்கு ஒரு வருடத்துக்கான கூட்டைத் தந்துவிடும், பழையதை எருக்குழியில் போட்டுவிடலாம். பிளாஸ்டிக் நாரோடு போட்டிபோட இது போதும். இரண்டாம் உலகப் போருக்கு முன் கப்பல் எந்திரங்களில் வடிகட்டியாகக்கூட இந்தக் கூடு பயன்பட்டது.

அலங்காரப் பூசணியில் ஓடு மெல்லிசு, காய்ந்தால் நிறமும் வெளுத்துவிடும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு வரிகளோடு சில மாதம் மேசையில் அழகாக இருக்கும், அப்புறம் போய்விடும். சரி, அழகுக்குத்தானே என்று விடலாம், விதை எடுக்காதவரை. வெள்ளரி போலிருக்கும் கறிக்காயான சுக்கினியும் சிலவகைப் பூசணிகளும் சேர்ந்த அதே இனம்தான் இது. தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அந்த வருடக் காய்க்கு ஒன்றும் ஆகாது. அதன் விதையை எடுத்து அடுத்த வருடம் ஊன்றினால்தான் கசப்பு நஞ்சான குக்கர்பிட்டாசின் தலைதூக்கும். 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத்தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இந்த நஞ்சால் இறந்தார். வேகவைத்தாலும் இது அழியாது. சுரை பூசணியோடு கலக்காது, ஆனால் கசப்புச் சுரைக்கும் கறிச்சுரைக்கும் இடையில் கலப்பு நடக்கும். ஆக, ஓட்டுக்கு ஒன்றும் கறிக்கு ஒன்றுமாக ஒரே இனத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வளர்ப்பவர்கள் கறிக்கான விதையைத் தனியாக வாங்கிவிடுவதே நல்லது. சமைக்கும் முன் பச்சைத் துண்டு ஒன்றை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் தூர எறிந்துவிடுங்கள்.